ஜப்பானுக்கு ஆடப் போகும் கல்லூரி அணி: போட்டி போக மீதி நாட்களில் ஊர் சுற்றவும் சாப்பிடவும் ஒரு வழிகாட்டி

நட்பு ஆட்டத்துக்கோ மாணவர் போட்டிக்கோ 15 முதல் 25 பேரை ஜப்பானுக்குக் கூட்டிப்போகும் மேனேஜர், கோச், கேப்டன் ஆகியோருக்கான குறிப்பு இது. ஆட்ட நாட்களை அழைத்தவர்கள் கவனித்துக்கொள்வார்கள். அதன் பிறகு வரும் இரண்டு மூன்று நாட்களை யாரும் கவனிப்பதில்லை. பணம் கரைவதும் வயிறு கெடுவதும் ரயிலைத் தவறவிடுவதும் அந்த நாட்களில்தான். மூல காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: 20 பேரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக நினைப்பது. பத்து நாற்காலி உள்ள கடைகளும், நிமிடக் கணக்கில் ஓடும் ரயில்களும் உள்ள நாட்டில் அது நடக்காது.

டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா என்ற வழக்கமான பாதையை வைத்தே கீழே எழுதியிருக்கிறது. யென் தொகைகள் திட்டமிடுவதற்காகத்தான். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. விசா அட்டவணையில் ஊர் சுற்றும் நாட்களையும் எழுதுங்கள்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கும் சிப் உள்ள மலேசியப் பாஸ்போர்ட்டுக்கும் குறுகிய காலத் தங்கலுக்கு விசா தேவையில்லை. அணியில் இரண்டு வகையும் கலந்திருந்தால் முதல் வேலையாகப் பட்டியலைப் பிரித்து வையுங்கள்.

சம்பளமோ ஆட்டக் கட்டணமோ வாங்காமல் ஆடும் மாணவர் ஆட்டங்களுக்குக் குறுகிய காலத் தங்கல் விசா போதும். இணையத்தில் கிடைக்கும் இ-விசா சுற்றுலா நோக்கத்துக்கு மட்டும். வேலை சுலபம் என்று அதில் விண்ணப்பித்துவிட்டு, விமான நிலையத்தில் மட்டைகளும் சீருடையுமாய் நின்று விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம்.

உங்கள் பக்கத்திலிருந்து போக வேண்டியவை: பாஸ்போர்ட், விண்ணப்பப் படிவம், புகைப்படம், கல்லூரியின் கடிதம், விமானப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று. அழைப்பவர் அனுப்ப வேண்டியவை: அழைப்புக் கடிதம், விண்ணப்பிப்பவர்களின் பட்டியல், நாள்வாரித் தங்கல் அட்டவணை. செலவை அவர்கள் ஏற்றால் உத்தரவாதக் கடிதமும் வேண்டும்.

பலரும் சிக்குவது அந்த நாள்வாரி அட்டவணையில். ஆட்டம் நடக்கும் நான்கு நாட்களை மட்டும் நிரப்பி, கடைசி மூன்று நாட்களை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். இறங்கும் நாள் முதல் ஏறும் நாள் வரை ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்: அன்று என்ன செய்கிறீர்கள், எந்த விடுதி, அதன் முகவரி, தொலைபேசி எண். ‘கியோத்தோ சுற்றிப் பார்த்தல், இரவு இன்ன விடுதி’ என்று எழுதினாலே போதும், ஆனால் எழுதியாக வேண்டும். ஆகவே விசாவுக்கு முன்பே விடுதி முடிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பெயர். அப்பா பெயரை இனிஷியலாகப் போடுபவர்களும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களும் நம் அணிகளில் நிறைய. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே விமான டிக்கெட், அழைப்பாளர் பட்டியல், விண்ணப்பம் மூன்றிலும் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் பெயர்களைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் பக்கத்தின் ஸ்கேனை அனுப்பி, அதைப் பார்த்தே நிரப்பச் சொல்லுங்கள்.

கால அளவு: பயணத்துக்கு 12 வாரம் முன்பு தேதியும் விடுதியும் முடிவாக வேண்டும். 10 வாரம் முன்பு அழைப்பாளரிடம் பட்டியல் போக வேண்டும். 6 முதல் 8 வாரம் முன்பு விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். குறை இல்லாத விண்ணப்பத்துக்குப் பொதுவாக 5 வேலை நாட்கள் ஆகும், ஆனால் ஏதாவது கேள்வி வந்தால் அது வாரக்கணக்கில் நீளும். ஒருமுறை நுழையும் விசா வழங்கிய நாளிலிருந்து 3 மாதம் செல்லும், நீட்டிக்க முடியாது. அதனால் மிகச் சீக்கிரம் எடுப்பதும் ஆபத்து.

கையோடு காப்பீட்டையும் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் போட்டி விளையாட்டில் படும் காயம் விலக்கப்பட்டிருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

2. மருந்துப் பையைப் பிசியோ தலையில் மட்டும் கட்டாதீர்கள்

ஜப்பானின் மருந்து விதி கடுமையானது. ஆம்பெட்டமின் வகை மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மூக்கடைப்பு மாத்திரைக்கும் தடை. கோடின் கலந்த இருமல் மருந்து சிக்கலில் விடும். மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அனுமதி உள்ள மருந்துக்கும் தலைக்கு அளவு உண்டு. மருத்துவர் எழுதித் தருவது ஒரு மாதத்துக்கு, கடையில் தானாக வாங்குவது இரண்டு மாதத்துக்கு, வெளியே பூசுவது ஒரு வகையில் 24 எண்ணம். அதற்கு மேல் போனால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். 20 பேருக்கான வலி மாத்திரையையும் தைலத்தையும் பிசியோவின் ஒரே பெட்டியில் அடுக்கினால் சுங்கத்துக்கு அது ஒரு ஆளின் மருந்து. ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

அங்கே போய் மருந்து வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சளி பிடித்தால் மருந்துக் கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் கக்கொந்தோ என்ற மூலிகை மருந்தாக இருக்கும். அதில் எபெட்ரா இருக்கிறது. எபெட்ரின் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டது, சிறுநீரில் மில்லி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தாண்டினால் சிக்கல். நான்டென் என்ற செடி சேர்ந்த தொண்டை மிட்டாயில் ஹிஜெனமின் இருக்கிறது, அது எந்தக் காலத்திலும் கூடாது. ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் போட்டி என்றால் கடைசி ஆட்டம் முடியும்வரை ஜப்பானிய மருந்துக் கடைக்குத் தனியாகப் போகக் கூடாது என்று சொல்லிவையுங்கள். ஜப்பானில் ‘விளையாட்டு மருந்தாளர்’ என்று சான்று பெற்றவர்கள் இருக்கிறார்கள். அழைத்தவர்களிடம் சொன்னால் ஒருவரைக் காட்டித் தருவார்கள்.

உணவுப் பொருள்: இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. வறுத்தது, உலர்ந்தது எல்லாம் சேர்த்தி. பழம், பச்சைக் காய், இலைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். நடைமுறையில் அதைக் கொண்டுபோக வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. விடுதியில் ‘செமி டபுள்’ என்ற சொல்லுக்கு ஏமாறாதீர்கள்

ஜப்பானிய பிசினஸ் ஹோட்டல் சுத்தமாக இருக்கும், ஆனால் அறை பொதுவாக 12 முதல் 15 சதுர மீட்டர்தான். மலிவாகத் தெரியும் செமி டபுள் அறையில் இருப்பது சுமார் 120 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே கட்டில். இரண்டு கூடைப்பந்து வீரர்கள் அதில் படுத்தால் மறுநாள் ஆட முடியாது. இரண்டு கட்டில் உள்ள ‘ட்வின்’ என்றே கேளுங்கள். நாணயம் போட்டு ஓட்டும் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், உலர்த்தி எத்தனை என்பதையும் சேர்த்து. 20 பேருக்கு இரண்டு உலர்த்தி என்றால் நள்ளிரவு வரை வரிசைதான்.

அறை கிடைப்பது பெரும்பாலும் மாலை 3 மணிக்கு, காலி செய்வது காலை 10 மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் பெட்டியை முன்மேசையில் வைத்துக்கொள்வார்கள்.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஒபோன் பண்டிகை, புத்தாண்டு இம்மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். விலையும் கூட்டமும் ஒன்றாக ஏறும். ஆகஸ்ட் பகலில் 35 டிகிரி வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

4. பணம்: தலைக்கு ஒரு நாளுக்கு 6,000 யென்

விடுதியும் ஊர்விட்டு ஊர் போகும் ரயிலும் இல்லாமல், ஆடும் வயதுப் பிள்ளைக்கு ஆகும் கணக்கு இது. காலைச் சாப்பாடு 700, மதியம் 1,000, இரவு 1,500, இடையில் குடிக்கக் கொறிக்க 600, உள்ளூர் ரயில் 1,000, நுழைவுக் கட்டணம் 1,000. கூட்டினால் 5,800. மூன்று நாள், 20 பேர் என்றால் சுமார் 3,60,000 யென். சாப்பாட்டுக் காசைக் காலையிலேயே தலைக்கு ரொக்கமாகக் கையில் கொடுத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு கடையிலும் மேனேஜர் ஒரே ரசீது கேட்டு நின்றால் பின்னால் வரிசை தேங்கும், சில கடைகளில் பிரித்துக் கட்டவும் விடமாட்டார்கள்.

ரொக்கம் எடுக்க செவன்-இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம் வெளிநாட்டு அட்டையை ஏற்கும். உங்கள் நாட்டுப் பணத்திலா, யென்னிலா என்று திரை கேட்டால் யென்னைத் தேர்ந்தெடுங்கள், மற்றது நட்டம். 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தன. பழைய ராமென் (நூடுல் சூப்) கடை இயந்திரங்கள் சில அவற்றை விழுங்காது, அதனால் நாணயமும் பழைய 1,000 யென் தாளும் கொஞ்சம் கைவசம் வையுங்கள். டிப்ஸ் கிடையாது. மேசையில் விட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

5. பெட்டியை முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ஜப்பானில் தக்க்யூபின் என்ற பொதி அனுப்பும் சேவை உண்டு, கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட யமாதோ அதில் பெரியது. டோக்கியோ விடுதியின் முன்மேசையில் இன்று கொடுத்தால் பெரும்பாலும் நாளை கியோத்தோ விடுதியில் இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிய சென்டிமீட்டரில்தான் கட்டணம். ஒரு நடுத்தரப் பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென் வரை வரும். 160 அளவுப் பொதிக்கு 25 கிலோ, அதற்கு மேற்பட்ட 180, 200 அளவுக்கு 30 கிலோ என்பது எடை வரம்பு. இரண்டு பேர் சாமானை ஒரு பெட்டியில் அடைத்தால் செலவு பாதி. ஒரு இரவுக்கான துணி, மருந்து, பாஸ்போர்ட், பவர் பேங்க் இவற்றைத் தோள்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பாமல் கூடவே இழுத்துப்போனால் என்ன ஆகும்? கியோத்தோ போகும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் மூன்று பக்கமும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குத் தனி இருக்கை பதிய வேண்டும். பதிவுக்குக் கட்டணமில்லை, பதியாமல் ஏறினால் 1,000 யென். அந்த இருக்கைகள் ஒரு ரயில் பெட்டிக்குச் சிலவே. கியோத்தோ நகரப் பேருந்தில் பெரிய பெட்டியோடு 20 பேர் ஏறுவதை உள்ளூர்க்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

6. நான்கைந்து பேராகப் பிரியுங்கள், கூடும் நேரத்தை மட்டும் பொதுவாக வையுங்கள்

ஒவ்வொரு குழுவிலும் இணையம் வேலை செய்யும் போன் ஒன்று, பொறுப்பாளர் ஒருவர். உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களை ஒரே குழுவில் போடுங்கள். நான்கு குழுவிலும் ஒவ்வொரு சைவரைப் போட்டால் நான்கு குழுவும் கடை தேடி அலையும். காலையில் ஒரு இடம், இரவில் ஒரு இடம் மட்டும் எல்லோரும் கூடும் இடம். ரயில் நிலையத்தில் கூடுவதாக இருந்தால் நிலையத்தின் பெயர் போதாது. ஷிஞ்சுகு நிலையத்தில் நூற்றுக்கும் மேல் வாசல்கள். எந்த வாசல், அதில் உள்ளேயா வெளியேயா என்பது வரை சொல்ல வேண்டும்.

பாஸ்போர்ட்டை எல்லாம் வாங்கி மேனேஜர் பையில் பூட்டி வைக்கும் பழக்கம் அணிகளில் உண்டு. ஜப்பானில் அது சட்டப்படி தவறு. குறுகிய காலம் வந்த வெளிநாட்டவர் அசல் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் நகல் செல்லாது. வரி விலக்கில் பொருள் வாங்கவும் அசல்தான் வேண்டும்.

ஊருக்குள் ரயில் ஏற சுய்கா போன்ற, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் அட்டையை ஆளுக்கொன்று வாங்குங்கள். சாதாரண சுய்காவுக்கு 500 யென் முன்பணம். டோக்கியோ பக்கத்து ரயில் நிறுவனமான கிழக்கு ஜேஆர் பகுதியில் வாங்கியதை ஒசாகாவில் திருப்பித் தர முடியாது, அங்கே பயன்படுத்த மட்டும் முடியும். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து கிளம்பும் அணி 20 அட்டையின் 10,000 யென்னை இப்படித்தான் இழக்கும். அப்படிப் பயணம் அமைந்தால் முன்பணமே இல்லாத, 28 நாள் செல்லும் வெல்கம் சுய்கா பொருத்தம். அதில் மீதியைத் திருப்பித் தரமாட்டார்கள் என்பதால் 2,000 யென்னாகப் போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். டோக்கியோவில் தட்டி ஏறி கியோத்தோவில் தட்டி இறங்க இந்த அட்டை உதவாது, அதற்குத் தனி டிக்கெட்.

டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு நொசோமி என்ற ஷின்கான்சென் வண்டியில் சுமார் இரண்டே கால் மணி நேரம், ஒருவழிக்குச் சுமார் 14,000 யென். ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. போய்வர 28,000 ஆகும் பாதைக்கு அதை வாங்குவது வீண். பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இன்னும் வாங்குகிறார்கள். எட்டுப் பேர் முதல் குழுக் கட்டணம் உண்டு, ஏஜென்ட் வழியாகக் கேளுங்கள்.

காலை 7.30 முதல் 9.30 வரை பெருநகர ரயிலில் ஏறாமல் இருக்க முடிந்தால் நல்லது. அந்த நேரத்தில் பல வழித்தடங்களில் பெண்களுக்கான பெட்டி உண்டு, நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் குறித்திருக்கும். ஆண்கள் அணி மொத்தமாக அதில் ஏறி நிற்பது நடக்கக் கூடியதே. இரவு ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மறுபடி காலை 5 மணி வாக்கில்தான். டாக்சிக்கு ஆகும் காசில் ஒரு நாள் சாப்பாட்டையே முடித்துவிடலாம்.

7. எங்கே போவது: கால் வலியைக் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்

ஆட்டத்துக்கு மறுநாள் படிக்கட்டு ஏறும் இடங்களைப் போடாதீர்கள். டோக்கியோவில் சமதளமாகவும் காசில்லாமலும் பார்க்க மெய்ஜி ஜிங்கு கோயில் காடு, அசகுசாவில் சென்சோ-ஜி கோயில், ஷிஞ்சுகுவில் பெருநகர அரசுக் கட்டடத்தின் 45வது மாடி ஆகியவை உண்டு. கடைசியாகச் சொன்னது 202 மீட்டர் உயரம், நுழைவு இலவசம். காசு கொடுத்துக் கோபுரம் ஏறும் முன் இதைப் பாருங்கள்.

விளையாட்டு அணிக்கென்றே சில இடங்கள் உண்டு. தேசிய ஸ்டேடியத்துக்கு எதிரே ஜப்பான் ஒலிம்பிக் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும். ஜூடோ அணி என்றால் கொதொகான் தலைமையகத்தைப் பார்க்காமல் வரக் கூடாது. சுமோ பெரும்போட்டி டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களிலும் ஒசாகாவில் மார்ச்சிலும் தலா 15 நாள் நடக்கும். உங்கள் தேதி அதில் விழுந்தால் மேல்தட்டு இருக்கைக்கு டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளிலேயே பாருங்கள், குழுவாக இடம் கிடைப்பது கடினம். ஒசாகா பக்கம் 1924இல் கட்டிய கோஷியென் பேஸ்பால் மைதானம், உள்ளே அதன் வரலாற்று அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகளின் பேஸ்பாலுக்கு ஒரு நாடு எவ்வளவு உருகும் என்பது அங்கே போனால் புரியும்.

கியோத்தோவில் காலை 6 மணிக்குக் கிளம்பினால் பாதிக் கூட்டம் குறையும். கியோமிசு-தேரா கோயில் 6 மணிக்கே திறக்கும், கட்டணம் 500 யென். ஆயிரக்கணக்கான சிவப்பு வாயில்கள் உள்ள ஃபுஷிமி இனாரி கோயிலுக்குத் திறக்கும் மூடும் நேரமும் இல்லை, கட்டணமும் இல்லை. கியோத்தோ நிலையத்திலிருந்து நாரா வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம். ஆனால் மியாகோஜி விரைவு வண்டி அங்கே நிற்காது, சாதாரண வண்டியில்தான் ஏற வேண்டும். மலை 233 மீட்டர். முழுச் சுற்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதியில் யொத்சுசுஜி என்ற நாற்சந்தியில் ஊர் நன்றாகத் தெரியும், ஆடிக் களைத்த கால்கள் அங்கேயே திரும்பிவிடலாம். கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழையவும் படம் எடுக்கவும் தடை, பலகையில் 10,000 யென் என்று எழுதியிருக்கும். அணிப் புகைப்படம் வேண்டுமானால் பெரிய தெருவிலேயே எடுங்கள்.

உடல் வலிக்குச் செந்தோ என்ற பொதுக் குளியலகம் நல்ல மருந்து. டோக்கியோவில் 2024 ஆகஸ்ட் முதல் 550 யென். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கம், உடையின்றித்தான் இறங்க வேண்டும், இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். கூச்சப்படுபவரை வற்புறுத்தாதீர்கள். பச்சை குத்தியவர்களை ஒன்சென் வெந்நீர் விடுதிகள் பலவற்றில் விடமாட்டார்கள், முன்பே கேளுங்கள்.

8. கடைசி ஆட்டம் வரை புதிதாக எதுவும் வேண்டாம்

பச்சை மீன், பச்சை முட்டை, சிப்பி, அரைவேக்காட்டுக் கோழி எல்லாம் கடைசி விசிலுக்குப் பிறகே. அதுவரை நம்பகமான இடம் கொன்பினி என்ற சிறு கடை. செவன்-இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் மூன்றும் தெருவுக்குத் தெரு இருக்கும். ஒனிகிரி என்ற சோற்று உருண்டை ஒன்று 150 முதல் 200 யென், அதில் சுமார் 35 முதல் 40 கிராம் மாவுச்சத்து. வேகவைத்த கோழித் துண்டு ஒரு பொட்டலத்தில் 20 கிராமுக்கு மேல் புரதம். வேகவைத்த முட்டை, வாழைப்பழம், தயிர் எல்லாம் கிடைக்கும். 70 கிலோ எடையுள்ளவர் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு மூன்று ஒனிகிரி, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் 140 கிராம் மாவுச்சத்து ஆகிவிடும். பொகாரி ஸ்வெட் 500 மில்லியில் 31 கிராம் சர்க்கரை, அதையும் கணக்கில் சேருங்கள்.

மதியத்துக்கு அருமையான இடம் பல்கலைக்கழக உணவகம். பல வளாகங்களில் வெளியாட்களும் சாப்பிடலாம், 500 முதல் 700 யென்னில் வயிறு நிறையும், 20 பேர் ஒன்றாக உட்காரலாம். 12 முதல் 1 மணி மாணவர் கூட்டம், அதைத் தவிருங்கள். ஜப்பானியக் கல்லூரி அணிகளில் மாணவ மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். எதிரணி மேனேஜரிடம் நட்பு பிடித்தால் மலிவான கடைகள் தானாகத் தெரியும்.

தெய்ஷோகு என்ற முழுச்சாப்பாட்டுக் கடைகளும் நல்லவை: சோறு, சூப், ஒரு கறி, ஊறுகாய். யாயோய்கென் கிளைகள் பலவற்றில் சோறு மறுபடி போட்டுக்கொள்ளலாம், காசில்லை.

9. ஆட்டம் முடிந்ததும் எதை, எப்படிச் சாப்பிடுவது

முதலில் நேரம். மதிய உணவு 11.30க்குத் தொடங்கும். பல கடைகள் 2 முதல் 5 வரை மூடிவிடும். மூடும் நேரம் 10 என்று எழுதியிருந்தால் கடைசி ஆர்டர் 9.30 என்று பொருள்.

ராமென் கடையில் வாசலருகே இயந்திரம் இருக்கும். காசு போட்டு, பொத்தான் அழுத்தி, சீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். படம் இல்லாத பொத்தான்களில் இடது மேல்மூலையில் இருப்பது பெரும்பாலும் கடையின் முக்கிய அயிட்டம். உறிஞ்சிச் சத்தமாகச் சாப்பிடலாம், சாப்பிட்டு முடித்த பிறகு உட்கார்ந்து அரட்டை அடிக்கக் கூடாது.

ஒசாகாவின் தோதொன்போரியில் தகோயாகி (ஆக்டோபஸ் வைத்த மாவு உருண்டை), ஒகொனோமியாகி (முட்டைக்கோஸ் கலந்த, அடை மாதிரியானது), குஷிகாத்சு (குச்சியில் செருகிப் பொரித்தது). தகோயாகிக்குள் கொதிக்கும் மாவு, குத்தித் திறந்து ஆறவிடுங்கள். குஷிகாத்சு கடையில் பொதுச் சாஸ் கிண்ணம் இருந்தால் கடித்த குச்சியை மறுபடி தோய்க்கக் கூடாது. கியோத்தோவின் நிஷிகி சந்தையில் நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். வாங்கிய கடை முன்னாலேயே நின்று முடியுங்கள். குச்சியையும் காகிதத்தையும் அந்தக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், தெருவில் குப்பைத் தொட்டி கிடைக்காது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை வேண்டும்.

அணியாக ஒரு விருந்து வேண்டுமென்றால் டோக்கியோவின் ரியோகொகுவில் சாங்கோ நாபே. சுமோ வீரர்கள் உடல் வளர்க்கச் சாப்பிடும் குழம்புச் சட்டி: கோழி, மீன், டோஃபு, காய்கறி. மேசைக்கு ஒரு சட்டி என்பதால் கூட்டத்துக்குப் பொருத்தம். ஒரு வாரம் முன்பாவது விடுதி முன்மேசை வழியாகப் பதியுங்கள், ஆள் எண்ணிக்கை, தலைக்கு எவ்வளவு, எதைச் சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லி. சொன்ன எண்ணிக்கையில் நாலு பேர் குறைந்தால் அவர்களுக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட.

பச்சைக் கோழியை மட்டும் ஆட்டம் முடிந்தாலும் தொடாதீர்கள். சில கடைகளில் அது தட்டில் வரும். கேம்பைலோபாக்டர் கிருமி இரண்டு முதல் ஐந்து நாளில்தான் வேலையைக் காட்டும், அதாவது சரியாக விமானத்தில்.

இஸகாயா என்ற சாராய உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காத ஒரு சின்னத் தட்டு வரும். அது இலவசம் இல்லை, தலைக்கு 300 முதல் 500 யென், மேசைக் கட்டணம் மாதிரி. இன்னொன்று மிக முக்கியம்: ஜப்பானில் வயதுவந்தோர் என்பது இப்போது 18, ஆனால் மது, புகை இரண்டுக்கும் 20. கல்லூரி அணியில் பாதிப் பேர் 18, 19. ‘இங்கே 18 ஆனாலே பெரியவர்’ என்று பாதியை மட்டும் படித்துவிட்டு வருபவர் எல்லா அணியிலும் ஒருவராவது இருப்பார்.

10. சைவம், ஹலால், ஒவ்வாமை

காய்கறி என்று எழுதியிருப்பது சைவம் ஆகாது. கத்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன் சீவலில் எடுத்த தாஷி ரசம்தான் மிசோ சூப்புக்கும், உதோன் நூடுல் குழம்புக்கும், வேகவைத்த காய்க்கும், பல நேரம் முட்டை ஆம்லெட்டுக்கும் அடிப்படை. ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மீன் வரும், ‘மீன் வேண்டாம்’ என்று சொன்னாலும் தாஷி வரும். அதனால் அட்டையில் ஜப்பானிய மொழியில் நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: இறைச்சி, மீன், மீன் தாஷி, விலங்குக் கொழுப்பு. எதிரணி மாணவர்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எழுதித் தருவார்கள், மொழிபெயர்ப்புச் செயலியைவிட அது மேல்.

ஆபத்து குறைந்தவை: ஊறிய பிளம் வைத்த ஒனிகிரி, வெறும் சோறு, குளிர்ந்த டோஃபு (மேலே மீன் சீவல் தூவாமல்), அவித்த சோயா, வறுத்த சர்க்கரைவள்ளி. முழுச் சைவ விருந்துக்குக் கோயில் உணவான ஷோஜின் ர்யோரி உண்டு, விலை அதிகம். டோக்கியோ நிலையத்தின் டிக்கெட் வாயிலுக்கு உள்ளே டீ’ஸ் தந்தன் என்ற கடையில் வீகன் ராமென் கிடைக்கும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஜப்பானியக் கறிக் குழம்பைக் கவனியுங்கள், மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். ஹலால் பார்ப்பவர்களுக்குப் பன்றியோடு மிரின் என்ற சமையல் மதுவும் சிக்கல். ஒவ்வாமைக்கு: பொட்டலப் பொருளில் கோதுமை, சோபா (பக்வீட்) மாவு, முட்டை, பால், நிலக்கடலை, இறால், நண்டு போன்றவற்றைக் குறிப்பிடுவது கட்டாயம். உணவகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கடைக்காரர் தயங்கினால் அந்தக் கடை வேண்டாம், பக்கத்துக் கொன்பினி போதும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 119, போலீஸ் 110.

11. கிளம்பும் நாள்

விமான நிலையத்துக்குப் பெட்டியைத் தக்க்யூபினில் அனுப்புவதானால் இரண்டு நாள் முன்பே கொடுங்கள். நிலையத்தில் அதை வாங்கும் கவுன்டர் திறக்கும் நேரத்தைப் பாருங்கள், விடியற்காலை விமானத்துக்கு அது உதவாது.

டோக்கியோவிலிருந்தே கிளம்பினால் சாதாரண சுய்காவில் மீதியைக் கொன்பினியில் செலவழித்துவிட்டுத் திருப்புங்கள். மீதி இருந்தால் அதில் 220 யென் பிடிப்பார்கள். பூஜ்யமானால் முன்பணம் 500 முழுசாகக் கைக்கு வரும்.

வரி விலக்குக்கு ஒரே கடையில் வரி நீங்கலாகக் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்க வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு முழு விலையும் கட்டி, கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் காட்டிய பிறகே வரி திரும்ப வரும். வாங்கிய பொருள் செக்-இன் பெட்டிக்குள் போவதற்கு முன் அந்த வேலையை முடிக்க வேண்டும் என்பதால், 20 பேர் அணிக்கு வழக்கமான மூன்று மணி நேரத்தோடு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள்.